எம்.எஸ்.டபிள்யூ. களப்பணி மேற்பார்வை: எது தேறுகிறது, எது தேறவில்லை

தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேர வருபவர்கள் கட்டணம், விடுதி, கேம்பஸ் வேலை என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். களப்பணியில் யார் கூட இருப்பார்கள், வாரம் எத்தனை நிமிடம் உட்கார்ந்து பேசுவார்கள் என்று கேட்பவர் அரிது. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு 2 நாள் ஏஜென்சியில்தான், அதாவது களப்பயிற்சி தரும் மருத்துவமனை, தொண்டு நிறுவனம், ஆலை போன்ற இடத்தில்தான் கழிகிறது. 2 ஆண்டு படிப்பில் அது பெரும் பங்கு. கட்டணத்துக்குள் அடங்கிய ஒரு சேவையாகவே இந்த மேற்பார்வையை இங்கே எடைபோடுகிறோம். தனித்தனிக் கல்லூரிக்கு மதிப்பெண் போடுவது நோக்கம் அல்ல. ஏற்பாடு எங்கே வேலை செய்கிறது, எங்கே உடைகிறது என்பதே கேள்வி.

ஏற்பாடு எளிது. ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு பேர் பொறுப்பு: துறையில் ஒரு ஃபேகல்டி சூப்பர்வைசர் (மேற்பார்வை ஆசிரியர்), ஏஜென்சியில் ஒருவர். களத்துக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ரிப்போர்ட் எழுத வேண்டும். வாரந்தோறும் ஆசிரியருடன் தனியாகப் பேசுவது ஐ.சி. (இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்); ஒரு மாணவர் தன் வேலையைக் குழுவின் முன் வைப்பது ஜி.சி. (குரூப் கான்ஃபரன்ஸ்). பருவ முடிவில் வைவா (வாய்மொழித் தேர்வு). காகிதத்தில் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஐ.சி.யில்தான் எல்லாம் இருக்கிறது. நன்றாக நடக்கும் ஐ.சி.க்கு 45 நிமிடமாவது வேண்டும். ரிப்போர்ட் முந்தைய நாளே ஆசிரியர் கைக்குப் போயிருக்க வேண்டும். அவர் அதைப் படித்து இரண்டு மூன்று இடங்களில் பென்சிலால் கோடிட்டிருக்க வேண்டும். முதல் 10 நிமிடம் மாணவர் எப்படி இருக்கிறார் என்பதற்கு. புற்றுநோய் வார்டிலோ குழந்தைகள் இல்லத்திலோ நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தவரிடம் நேரே கேஸைப் பற்றிக் கேட்டால் பாதி விஷயம் வெளியே வராது. அடுத்த 25 நிமிடம் கோடிட்ட இடங்களுக்கு. "கணவரைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்து நீங்கள் என்ன சொன்னீர்கள்?" இந்த மாதிரி ஒரு கேள்வி, நேர்காணல் பற்றிய ஒரு மணி நேர வகுப்புக்குச் சமம். பேச்சு நின்றதும் பயந்து தலைப்பை மாற்றியதை மாணவரே அப்போதுதான் கவனிப்பார். மிச்ச 10 நிமிடத்தில் அடுத்த வாரம் யாரைப் பார்ப்பது, எதற்காக என்று முடிவெடுத்து இருவரும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது ஏன் பல இடங்களில் நடப்பதில்லை? ஆசிரியரின் மனம் காரணமல்ல, கணக்குதான் காரணம். ஓர் ஆசிரியருக்கு 8 மாணவர் என்றால் வாரத்துக்கு 6 மணி நேரம். 15 பேர் என்றால் 11 மணி நேரம் 15 நிமிடம். இதில் ரிப்போர்ட் படிக்கும் நேரம் சேரவில்லை. வகுப்பு, தேர்வு வேலை, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) ஆவணங்களுக்கு இடையே அவ்வளவு நேரம் யாருக்கும் கிடையாது. விளைவு, வரிசையில் நின்று நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஐ.சி. என்று பெயர் பெற்றுவிடுகிறது. மாணவர் எண்ணிக்கையைக் குறைக்காமல் ஆசிரியரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

கையெழுத்துக்காக எழுதும் ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்ததே. "பயனாளியுடன் நல்லுறவு ஏற்படுத்தப்பட்டது, ஆலோசனை வழங்கப்பட்டது." இந்த இரண்டு வரியில் திருத்துவதற்கு எதுவும் இல்லை, ஏனென்றால் நடந்தது எதுவும் அதில் இல்லை. இதற்கு மாற்று, உரையாடலை அப்படியே எழுதுவது. பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்து, அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் ஓடியது என்று நிரப்ப வேண்டும். 10 நிமிடப் பேச்சை இப்படி எழுத ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதனால் வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற நாட்களுக்குச் சுருக்கக் குறிப்பு. எல்லா நாளும் 8 பக்கம் கேட்கும் துறைகளில் மாணவர்கள் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதத்தான் செய்வார்கள்.

ரிப்போர்ட் நோட்டில் இன்னொரு பெரிய ஓட்டை உண்டு. பயனாளியின் உண்மைப் பெயர், தெரு, நோய், சில சமயம் புகைப்படம் வரை அதில் இருக்கிறது. நோட்டு பஸ்ஸில் போகிறது, விடுதி மேசையில் கிடக்கிறது, பிறகு துறை அலமாரியில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் நாள் அறிமுக வகுப்பிலேயே மாற்றுப்பெயர் முறையைக் கற்றுக்கொடுக்கும் துறைக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் மதிப்பு கொடுக்கலாம்.

அவசரம் என்று வந்தால்தான் மேற்பார்வையின் உண்மைத் தரம் தெரியும். சனிக்கிழமை மதியம் ஒரு சிறுமி தனக்கு நடந்த பாலியல் கொடுமையை மாணவியிடம் சொல்கிறாள், ஐ.சி. புதன்கிழமை. மாணவி அதை ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டு காத்திருந்தால் குழந்தைக்கும் ஆபத்து, மாணவிக்கும் சிக்கல். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின் கீழ் குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் குழந்தைக்கு உதவி கிடைக்கும். ஆனால் அதோடு கடமை முடிந்துவிடாது. ஆகவே விடுமுறை நாளிலும் எடுக்கும் ஓர் ஆசிரியரின் கைபேசி எண், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பது, இரண்டும் களத்துக்குப் போகும் முன்பே மாணவர் கையில் இருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) பயிற்சிக்கு வருபவரையும் பணியாளராகவே கருதுகிறது. ஏஜென்சியின் உள்புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுப்பது நல்லது.

ஏஜென்சி பக்கம் தரம் ஏறி இறங்குகிறது. மனநல சமூகப்பணியாளர் இருக்கும் மருத்துவமனைகள் பொதுவாக நல்ல இடம். அவர் நோயாளியிடம் பேசுவதை மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் சிறு தொண்டு நிறுவனங்களில் மாணவர் எக்செல் நிரப்புபவராக, விழாவுக்கு நாற்காலி போடுபவராக ஆகிவிடுகிறார். முதல் இரண்டு வாரம் அப்படி இருந்தால் இடத்தைப் பழகும் காலம் என்று விடலாம். ஐந்தாவது வாரமும் அதுவே என்றால் ஃபேகல்டி நேரில் போக வேண்டும். மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் நிலை தனி. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று சொன்னது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு. அந்தப் பதவியின் வேலையைக் கற்கப் போனவர் வருகைப் பதிவேட்டோடு திரும்பினால், அங்கே நடந்தது மேற்பார்வை ஆகாது.

கிராம முகாம் குழுவாக வாழப் பழக்குகிறது, தனி மேற்பார்வைக்கு அதில் நேரம் இல்லை. பிளாக் பிளேஸ்மென்டில், அதாவது சில வாரம் தொடர்ந்து ஒரே நிறுவனத்தில் செய்யும் பயிற்சியில், மாணவர் தொலைவில் இருப்பார். வாரம் ஒரு தொலைபேசி ஐ.சி.யை வற்புறுத்திக் கேட்டு வாங்க வேண்டும்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போனால் மேற்பார்வை இன்னும் மெலிகிறது. மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கையே மேற்பார்வை என்று பல நிறுவனங்கள் கணக்கில் வைக்கின்றன. அங்கே கேட்கப்படுவது எத்தனை வீடு, எத்தனை பேர், எவ்வளவு செலவு. அதுவும் வேண்டியதே. ஆனால் ஒரு குழந்தையை மீண்டும் குடும்பத்துக்கு அனுப்பிய முடிவு சரிதானா என்று இரவில் தூங்காமல் யோசிக்கும் பணியாளர், அதை பத்துப் பேர் நடுவே எழுந்து சொல்ல மாட்டார். இல்லங்களில் குழந்தைகளோடு அதிக நேரம் இருக்கும் இல்லத் தாய்மாருக்கோ அந்த மீட்டிங்கும் கிடையாது. இங்கிலாந்தில் புதிதாக வேலையில் சேரும் சமூகப்பணியாளருக்கு முதல் 6 வாரம் வாரம் ஒரு முறை, 6 மாதம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை என்று தனி மேற்பார்வை வரையறுக்கப்பட்டிருக்கிறது. இந்த அடுக்கை இங்கே கடைப்பிடிக்க அரசாணை எதுவும் தேவையில்லை. ஒரு மேலாளர், ஒரு கதவு, ஒரு மணி நேரம் போதும்.

சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஓர் ஆசிரியரின் கீழ் எத்தனை மாணவர்? போன பருவத்தில் ஏஜென்சிக்கு அவர் எத்தனை முறை நேரில் போனார்? ஏஜென்சி பொருந்தாவிட்டால் மாற்ற எத்தனை நாளாகும்? முடிந்தால் பயனாளியின் பெயர் மறைத்த ஒரு சீனியரின் ரிப்போர்ட் நோட்டையும் வாங்கிப் புரட்டுங்கள். ஓரத்தில் பென்சில் கேள்விகள் இருக்கின்றனவா, அடியில் கையெழுத்தும் தேதியும் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.