சி டிரைவை எது தின்கிறது? விஸ்ட்ரீ, வின்டர்ஸ்டாட், ட்ரீசைஸ், விண்டோஸ் ஸ்டோரேஜ்: ஓர் ஒப்பீடு

சி டிரைவின் பட்டை சிவப்பானதும் பலர் முதலில் செய்வது, எல்லா ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பார்ப்பது. கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது. டிரைவில் 210 ஜிபி போய்விட்டது என்கிறது விண்டோஸ். ஃபோல்டர்களைக் கூட்டினால் 160-தான் வருகிறது. (256 ஜிபி எஸ்எஸ்டி 238 என்று காட்டுவது வேறு சங்கதி. தயாரிப்பாளர் 1000 கணக்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024 கணக்கில்.) டிரைவில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் இந்தக் கருவிகளை, மிச்சம் 50 ஜிபி எங்கே என்று சொல்கிறதா என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். வேகமும் வண்ணப் படமும் அப்புறம்தான்.

அந்த விஷயத்தில் விஸ்ட்ரீ முந்துகிறது. இத்தகைய கருவிகள் பல ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து பார்க்கும். அனுமதி இல்லாத கதவு வந்தால் திரும்பிவிடும். விஸ்ட்ரீ, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவில் கோப்புகளை அடுக்கும் வழக்கமான முறை) டிரைவின் எம்எஃப்டி என்ற கோப்புப் பதிவேட்டையே நேராகப் படிக்கிறது. ஒரு கோப்புக்குப் பெரும்பாலும் 1 கேபி பதிவு. 5 லட்சம் கோப்புகள் இருந்தாலும் சுமார் 500 எம்பி படித்தால் போதும், அதனால் எஸ்எஸ்டியில் சில நொடிகளில் வேலை முடிகிறது. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டரும் தப்பாது. கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரிஸ்டோர் சேமிக்கும் நகல்கள் அங்கேதான் கிடக்கும். காணாமல் போன 50 ஜிபியில் பெரும்பங்கு பல நேரம் அதுதான். அங்கே கைவைத்து அழிக்கக் கூடாது. கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் திறந்து, கான்ஃபிகர் அழுத்தி, உச்ச வரம்பை இழுத்துக் குறைத்தால் பழைய நகல்கள் தானே கழியும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் எம்எஃப்டி கிடைக்காது. அப்போது விஸ்ட்ரீயும் மற்றவற்றைப் போலவே ஊர்ந்துதான் போகும். எக்ஸ்ஃபேட் என்ற வேறு அடுக்கு முறையில் உள்ள பென்டிரைவிலும் நெட்வொர்க் டிரைவிலும் அதே கதை. இன்னொன்று, இது வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். அலுவலகக் கணினியில் போடக் கட்டணம் உண்டு.

அலுவலகத்துக்கு வின்டர்ஸ்டாட். ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம், எங்கும் இலவசம். ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்துப் போடுங்கள். பல டவுன்லோடு தளங்களில் இன்னும் கிடக்கும் 1.1.2, 2007-ல் வந்தது. பெரிய டிரைவில் காத்திருந்து சலித்துப்போகும். 2024-ல் வெளிவந்த 2-ஆம் பதிப்பு ஒரே சமயத்தில் பல இடங்களில் இணையாகத் தேடுவதால் வேகத்தில் ஒப்பிடவே முடியாது. கீழே வரும் கட்டப் படத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு கோப்பு, நிறம் கோப்பின் வகை. பெரிய கட்டத்தைக் கிளிக் செய்தால் மேலே பட்டியலில் அது இருக்கும் இடம் தெரியும். எண்ண முடியாத இடத்தை ‘அன்னோன்’ என்று தனி வரியாகக் காட்டச் சொல்லலாம். எங்கே என்று சொல்லாது, எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்லும். அந்த வரி பெரிதாக இருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டராக மறுபடி ஓட்டுங்கள்.

ட்ரீசைஸ் இலவசப் பதிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஃபோல்டரை வலது கிளிக் செய்து நேரே திறக்கலாம், பெரியது மேலே வரும். தொலைபேசியில் ஒருவருக்கு வழி சொல்ல இதுதான் வசதி; கட்டப் படத்தை வாயால் விளக்க முடியாது.

விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள ஸ்டோரேஜ் பக்கம் கண்டுபிடிக்க உதவாது, அழிக்க உதவும். ‘ஆப்ஸ்’, ‘அதர்’ என்று மூட்டை கட்டிக் காட்டுவதோடு சரி. ஆனால் பெரிய அப்டேட்டுக்குப் பின் மிஞ்சும் விண்டோஸ் ஓல்டு ஃபோல்டரை மற்ற கருவியில் அழித்தால் பாதியில் அனுமதி இல்லை என்று நிற்கும். இங்கே டெம்பரரி ஃபைல்ஸில் டிக் செய்தால் சுத்தமாகப் போகும்.

எந்தக் கருவியிலும் சைஸ் (கோப்பின் அளவு), அலகேட்டட் (டிரைவில் அது நிஜமாகப் பிடிக்கும் இடம்) என்ற இரு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்டிரைவில் மேகத்தில் மட்டும் இருக்கும் கோப்பின் சைஸ் 4 ஜிபி என்றிருக்கும், அலகேட்டட் பூஜ்யம். அதை அழித்து இங்கே ஒன்றும் மிச்சமாகாது, மேகத்தில் இருப்பதும் போய்விடும். எக்ஸ்ஃபேட்டில் தலைகீழ். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவில் அதன் வழக்கமான கிளஸ்டர், அதாவது ஒரு கோப்புக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம், 128 கேபி. 1 கேபி கோப்புகள் 10,000 இருந்தால் சைஸ் 10 எம்பி, பிடிக்கும் இடமோ 1.2 ஜிபி. விண்டோஸ் தன் பாகங்களை வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருப்பதால் எக்ஸ்ப்ளோரர் அதை நிஜத்தைவிடப் பெரிதாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பட்டியலில் மேலே வரும் சிலவற்றைத் தெரிந்து வைத்தால் நேரம் மிச்சம். ஹைபர்ஃபில் என்பது ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிரைவில் சேமித்துக் கணினியை அணைப்பது) கோப்பு, வழக்கமாக ரேமில் 40 சதவீதம்; 16 ஜிபி ரேமுக்கு 6.4 ஜிபி. ஹைபர்னேட்டை அணைத்தால் தானே மறையும், கூடவே கணினியை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகும். ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் பல ஜிபியில் ஓஎஸ்டி கோப்பு இருந்தால் அது அவுட்லுக்கின் மின்னஞ்சல் நகல். விஹெச்டிஎக்ஸ் என்று முடியும் ஒற்றைக் கட்டம் ஒரு மெய்நிகர் டிரைவ்; பெரும்பாலும் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) அல்லது டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) உடையது. உள்ளே எவ்வளவு அழித்தாலும் அந்தக் கோப்பு பொதுவாகத் தானாகச் சுருங்காது, டபிள்யூஎஸ்எல்லை நிறுத்திவிட்டு டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் அதைக் கம்பாக்ட் செய்ய (சுருக்க) வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரை மட்டும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தொடாதீர்கள்: அதிலுள்ள எம்எஸ்ஐ (மென்பொருளை நிறுவ உதவும்) கோப்புகள் போனால் மென்பொருளை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது கோப்பைக் காணோம் என்று நிற்கும்.