ஹயலீயாவா, மேற்குச் சான் அன்டோனியோவா: சம்பாதிப்பதும் தக்கவைப்பதும்

அமெரிக்காவின் ஹிஸ்பானிக் மக்கள் பொருளாதாரத்தில் முன்னேறியிருக்கிறார்களா என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் எதுவும் கிடைக்காது. ஆறு கோடிக்கும் மேற்பட்ட அந்த மக்களிடையே வந்த காலமும் வந்த வழியும் வேறுவேறு. அரசு அவர்களை வரவேற்ற விதமும் வேறு. ஆகவே இரண்டே இரண்டு சமூகங்களை எடுத்துக்கொள்கிறேன்: ஃப்ளோரிடாவில் மயாமியை ஒட்டிய ஹயலீயா நகரின் கியூப வழி மக்கள், டெக்சஸில் சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில் வாழும் மெக்சிக்க வழி மக்கள். இரு ஊர்களிலும் குடியிருந்தவன் நான். வரிப் பருவத்தில் இலவசத் தாக்கல் மையங்களில் தன்னார்வலராக உட்கார்ந்து, பல குடும்பங்களின் வரவு செலவுத் தாள்களைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வீடு வாங்கும் நேரம் வந்தபோது சான் அன்டோனியோவைத் தேர்ந்தேன். அந்தத் தேர்வுக்கு என்னைக் கொண்டுவந்த கணக்கைத்தான் இங்கே விரிக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

வெளிப்படையானவற்றை முதலில் சொல்லிவிடலாம். இரண்டு மாநிலங்களிலும் மாநில வருமான வரி இல்லை. இரண்டு ஊர்களிலும் ஸ்பானிய மொழியிலேயே வங்கி, மருத்துவமனை, கடைவீதி என எல்லா அலுவல்களையும் முடித்துக்கொள்ளலாம். கல்வியில் கியூப வழி மக்கள் முன்னே நிற்கிறார்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அவர்களில் பட்டம் பெற்ற பெரியவர்களின் விகிதம் மெக்சிக்க வழி மக்களின் விகிதத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சொந்தத் தொழில் நடத்துவோரும் மயாமி வட்டாரத்தில்தான் அதிகம். இந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் கியூபர்களே மேல் என்று தீர்ப்பெழுதி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

அந்த முன்னிலை எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1959 புரட்சிக்குப் பின் முதலில் வெளியேறியவர்கள் பெரும்பாலும் தொழிலதிபர்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும்தான். 1961-இல் தொடங்கிய கியூப அகதிகள் திட்டம் அவர்களுக்கு உதவித்தொகை, ஆங்கில வகுப்பு, தொழில் உரிமம் பெறுவதற்கான பயிற்சி ஆகியவற்றை வழங்கியது. 1966-இல் வந்த கியூப சரிக்கட்டல் சட்டம் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு, வேறெந்த லத்தீன் அமெரிக்க நாட்டவருக்கும் கிடைக்காத நேர்வழி ஒன்றைத் திறந்துவிட்டது. மயாமி வங்கிகளில் வேலைக்கு அமர்ந்த கியூப அதிகாரிகள், ஹவானாவில் ஒருவருக்கு இருந்த நற்பெயரையே ஈடாகக் கொண்டு சிறு தொழில் கடன்களைக் கொடுத்தார்கள். உரிமையாளர், தொழிலாளி, வாடிக்கையாளர் மூவரும் ஒரே சமூகத்தவராக இருந்த அந்தப் பொருளாதாரம் இப்படித்தான் உருவாயிற்று. அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உழைப்புக்கு ஒரு தளம் கிடைத்தால் அது எவ்வளவு உயரம் எழும் என்பதற்கு மயாமியை விடச் சிறந்த சான்று அமெரிக்காவில் குறைவு.

சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதிக்கு அந்தத் தளம் தரப்படவில்லை. 1938 ஜனவரி 31 அன்று அங்கே பீக்கன் பருப்பு உடைக்கும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு பவுண்டு பருப்புக்கு ஆறேழு சென்டாக இருந்த கூலியை முதலாளிகள் ஒரு சென்ட் குறைத்ததே காரணம். எம்மா தெனயூகா என்ற 21 வயதுப் பெண் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தில் ஏறத்தாழ 12,000 பேர் கலந்துகொண்டார்கள். அதே ஆண்டு தேசியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியதும் நிறுவனங்கள் இயந்திரங்களைக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பின. பள்ளிகளின் கதையும் இப்படித்தான். மேற்குப் பகுதியிலுள்ள எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி விதித்தும் ஒரு மாணவருக்கு 26 டாலரைத்தான் உள்ளூரில் திரட்ட முடிந்தது. பக்கத்திலிருந்த செல்வந்தர் பகுதியான அலமோ ஹைட்ஸ் வெறும் 85 சென்ட் விதித்து 333 டாலர் திரட்டியது. தெமெத்ரியோ ரொட்ரிகஸ் என்ற பெற்றோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த ஏற்றத்தாழ்வை அனுமதித்தது. இவ்வளவு பின்தங்கித் தொடங்கிய சமூகத்தை மயாமியோடு வருமானத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது நேர்மையாகாது.

அந்தப் பின்னடைவுக்கு நடுவிலும் மேற்குப் பகுதியில் ஒரு நடுத்தர வர்க்கம் எழுந்ததென்றால், அதில் பெரும்பங்கு கெல்லி விமானப்படைத் தளத்துக்கு உண்டு. விமானங்களைப் பழுதுபார்க்கும் அந்தத் தளம் பல பத்தாண்டுகள் ஆயிரக்கணக்கான மெக்சிக்க வழிக் குடும்பங்களுக்கு மத்திய அரசு வேலையும் ஓய்வூதியமும் அளித்தது. 1995-இல் மூட முடிவெடுத்து 2001-இல் மூடினார்கள். ஆனாலும் அந்த ஊதியத்தில் வாங்கிய வீடுகள் இன்னும் அந்தக் குடும்பங்களின் கையில்தான் இருக்கின்றன. 1974-இல் தேவாலயங்களின் பங்கு மக்களைத் திரட்டி எர்னெஸ்தோ கோர்தேஸ் உருவாக்கிய சமூக அமைப்பு, மழை பெய்தாலே வெள்ளம் புகுந்த தெருக்களுக்கு வடிகால் வேண்டும் என்று நகராட்சியை நெருக்கிப் பல கோடி டாலர் கடன் பத்திரத் திட்டத்தைப் பெற்றுத் தந்தது. 1990-இல் லீவைஸ் ஆடை ஆலை மூடப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தபோது, அதே அமைப்பும் அதன் தோழமை அமைப்பும் சேர்ந்து ‘பிராஜெக்ட் க்வெஸ்ட்’ என்ற தொழிற்பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், பல ஆண்டுகள் கழித்தும் பயிற்சி பெற்றவர்கள் ஆண்டுக்கு 5,000 டாலருக்கும் மேல் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இவ்வளவு காலம் நிலைத்த பயன் இத்தகைய திட்டங்களில் அரிது.

இனி, என் தேர்வைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். ஒரு குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு ஈட்டுகிறது என்பதைக் காட்டிலும், கடனை அடைத்து முடித்த பின் அந்த வீட்டை வைத்துக்கொள்ள எவ்வளவு ஆகிறது என்பதே அதன் பொருளாதார நலத்தைச் சரியாகக் காட்டுகிறது என்பது என் முடிவு. இரு சமூகங்களிலும் சேமிப்பு என்றால் பெரும்பாலும் வீடுதான். பங்குச் சந்தையிலோ ஓய்வுக்கால நிதியிலோ பெரிய தொகை வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த ஒரே சேமிப்பு முதுமையில் கைகொடுக்கிறதா, கையைக் கடிக்கிறதா என்பதில்தான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன.

வாங்கும் விலையே முதல் இடைவெளி. 2024-இல் ஹயலீயா அடங்கிய மயாமி-டேட் மாவட்டத்தில் தனி வீட்டின் இடைநிலை விலை 6 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. சான் அன்டோனியோவில் அது 3 லட்சத்தை ஒட்டியே இருந்தது. இரு ஊர்களின் குடும்ப வருமானத்தில் அந்த அளவுக்கு வேறுபாடு இல்லை. வீட்டு விலைக் குமிழி ஆபத்தில் உலக நகரங்களிலேயே மயாமியைத்தான் யுபிஎஸ் வங்கியின் பட்டியல் 2024-இலும் 2025-இலும் முதலிடத்தில் வைத்தது. ஹயலீயாவில் வண்டி நிறுத்தும் கொட்டகையைத் தடுத்து, ஒரு குளிர்சாதனப் பெட்டியும் மின் அடுப்பும் வைத்து, ‘எஃபிஷியன்சி’ என்ற பெயரில் வாடகைக்கு விடுவது ஊரறிந்த வழக்கம். பக்கவாட்டுச் சந்து வழியாகத் தனி வாசல், முன்வாசலில் நெருக்கியடித்து நிற்கும் நான்கைந்து கார்கள் என்று அந்த வீடுகளைத் தெருவிலிருந்தே அடையாளம் காணலாம். வீட்டுக்காரருக்கு அந்த வாடகையில்லாமல் தவணை கட்ட முடியாது; குடியிருப்பவருக்கு அதைவிட்டால் வேறு கூரையில்லை.

விலையைக் கடந்து வாங்கியவர்களையும் காப்பீடு துரத்துகிறது. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் தென் ஃப்ளோரிடாவைத் தாக்கியதில் பல காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்துப்போயின. தனியார் கைவிட்டவர்களுக்காக 2002-இல் ‘சிட்டிசன்ஸ்’ என்ற மாநிலக் காப்பீட்டுக் கழகம் உருவாயிற்று. 2022-இலும் பல நிறுவனங்கள் திவாலாயின. பழைய வீடென்றால் கூரை, மின்கம்பி, குழாய், குளிர்சாதனம் ஆகிய நான்கையும் சோதித்த சான்று கேட்பார்கள். கூரைக்கு வயது 15-ஐத் தாண்டினால், இன்னும் ஐந்தாண்டாவது தாங்கும் என்ற சோதனைச் சான்றோ புதுக்கூரையோ இல்லாமல் காப்பீடு கிடைப்பது அரிது. புயல் சேதத்தில் முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகையும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் விழுக்காடாகவே கணக்கிடப்படுகிறது: 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 விழுக்காடு என்றால் 8,000 டாலரை நாமே போட்ட பிறகுதான் நிறுவனம் கைகொடுக்கும். 2022 இறுதியில் வந்த சட்டத் திருத்தங்களுக்குப் பின் காப்பீட்டுக் கட்டண ஏற்றத்தின் வேகம் தணிந்திருக்கிறது என்பது உண்மை. ஏறிய உயரத்திலிருந்து பெரிதாக இறங்கவில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. 2021 ஜூன் 24 அன்று சர்ஃப்சைடில் சாம்ப்ளேன் டவர்ஸ் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்ததைத் தொடர்ந்து, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய குடியிருப்புக் கட்டடங்களுக்குக் கட்டாயச் சோதனையும், பழுதுநீக்கத்துக்கான வைப்பு நிதியும் 2022-இல் சட்டமாயின. உயிர்காக்கும் சட்டம் அது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1970களில், 80களில் எழுந்த எளிய கட்டடங்களில், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் மூத்த கியூபர்கள்தான் நிறைய. நான் குடியிருந்த கட்டடத்தில் மேல்மாடிப் பாட்டி ஒருவர், வீட்டுக் கடனை எப்போதோ அடைத்துவிட்டவர், கான்கிரீட் பழுதுக்காக வந்த சிறப்புக் கட்டண அறிவிப்பை என்னிடம் காட்டி, இதைத் தவணையில் கட்ட முடியுமா என்று படித்துச் சொல்லக் கேட்டார். கட்டடத்தின் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கான மாதக் கட்டணமும் அந்தத் தவணையும் சேர்ந்து அவருடைய ஓய்வூதியத்தில் பாதியை விழுங்கின. தனி வீட்டுக்காரர், கடன் அடைந்த பிறகு, ஆபத்தை ஏற்றுக்கொண்டு காப்பீட்டை விட்டுவிட முடியும். பலர் அப்படிச் செய்கிறார்கள். அடுக்குமாடிக்காரருக்கு அந்த வழியும் இல்லை, ஏனென்றால் கட்டடத்தின் பொதுக் காப்பீடு சங்கக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. 2025-இல் சில தளர்வுகள் வந்தாலும், வீடு இருந்தும் ஆனையைக் கட்டித் தீனி போடும் நிலை அங்கே பலருக்கும் நீங்கவில்லை.

சான் அன்டோனியோவில் அந்த இடத்தில் சொத்து வரி நிற்கிறது. டெக்சஸின் சொத்து வரி நாட்டிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்று. அதில் பள்ளி வரி மட்டுமே ஏறத்தாழ பாதி. ஆனால் வரிக்கு உச்சவரம்பு வைக்கச் சட்டத்தால் முடியும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் பள்ளி வரிக்குக் கணக்கிடாமல் விடப்படும் விலக்கு 2023-இல் 40,000 டாலரிலிருந்து 1 லட்சமாகவும், 2025 நவம்பரில் வாக்காளர் ஒப்புதலோடு 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. 65 வயதானவர்களுக்கு மேலும் 60,000 டாலர் விலக்கு உண்டு. அவர்களின் பள்ளி வரி அந்த வயதில் இருந்த தொகைக்கு மேல் ஏறவும் செய்யாது. இதன் பொருள், 2 லட்சம் டாலருக்குள் மதிப்பிடப்பட்ட வீட்டில் வாழும் மூத்தவர் பள்ளி வரி ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியதில்லை. மேற்குப் பகுதியின் பழைய மர வீடுகள் பலவும் இந்த வரம்புக்குள் வருகின்றன. மதிப்பீடு கூடிவிட்டது என்று தோன்றினால் மே 15-க்குள் மறுப்பு மனு கொடுக்கலாம். என் தெருவில் கெல்லியில் உலோகத் தகடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அண்டை வீடுகளின் விற்பனை விலையையும் தன் வீட்டு அடித்தள விரிசலின் படங்களையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு ஆண்டுதோறும் போகிறார்; அக்கம்பக்கத்தாருக்கும் அவரே மனு எழுதித் தருகிறார்.

ஃப்ளோரிடாவிலும் சொத்து வரிக்குக் கட்டுப்பாடு உண்டு. குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்பது டெக்சஸின் 10 விழுக்காட்டு வரம்பைவிடக் கறாரானது. இடர்ப்பாடு, அங்கே குடும்பத்தை அழுத்தும் செலவு வரியில் இல்லை என்பதே. காப்பீட்டு நிறுவனம் கேட்கும் தொகைக்கும் சங்கம் விதிக்கும் கட்டணத்துக்கும் எதிராக வயதையோ வருமானத்தையோ காட்டி விலக்குக் கேட்க இடமில்லை.

மயாமியின் பக்கம் நிற்கும் உண்மைகளையும் மறைக்கக் கூடாது. ஃப்ளோரிடாவின் குறைந்தபட்சக் கூலி 2025 செப்டம்பரில் மணிக்கு 14 டாலரானது. டெக்சஸ் இன்னும் 7.25 டாலரிலேயே நிற்கிறது. மருத்துவக் காப்பீடு இல்லாதோர் விகிதத்தில் டெக்சஸ் நாட்டிலேயே மோசமான நிலையில் இருக்கிறது. ஹயலீயாவோ ஒபாமாகேர் என்ற அரசு மானிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மிகுதியாகச் சேர்ந்த பகுதிகளுள் ஒன்று. இளம் வயதில் கடை வைத்து வளர நினைப்பவருக்கு மயாமி இன்றும் நல்ல களம். ஆனால் அந்தச் சமூகமும் ஒரே சீராக இல்லை. 2022, 2023 நிதியாண்டுகளில் எல்லைக்கு வந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கியூபர்களில் பலருக்கு ஐ-220ஏ என்ற, காவலிலிருந்து விடுவிக்கும் ஆணைத் தாள் மட்டுமே கொடுக்கப்பட்டது. 1966 சட்டத்தின் பயனைப் பெற அந்தத் தாள் போதாது என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2023-இல் தீர்ப்பளித்தது. முந்தைய தலைமுறையைத் தூக்கிவிட்ட ஏணி இவர்களுக்கு எட்டவில்லை.

மயாமியில் நான் வாடகைக்கு இருந்தவன் மட்டுமே. சொந்த வீட்டுக்காரர்களின் செலவை அவர்கள் காட்டிய தாள்களிலிருந்தும் பேச்சிலிருந்தும் அறிந்தேன். சான் அன்டோனியோவிலோ என் சொந்தப் பணம் மண்ணில் இருக்கிறது; ஆகவே என் பார்வை அந்தப் பக்கம் சற்றுக் கூடுதலாகவே சாயலாம். மேற்குப் பகுதியிலும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: தாத்தா பெயரிலேயே கிடக்கும் பத்திரம். உயில் எழுதாமல் அவர் இறந்திருப்பார், நான்கு பிள்ளைகளில் ஒருவர் வீட்டில் இருப்பார், பெயர் மாற்றம் நடந்திருக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பழுதுநீக்க மானியமோ வங்கிக் கடனோ கிடைப்பது கடினம். மேலே சொன்ன வரி விலக்குக்கும் வாரிசு என்பதை நிறுவும் பிரமாணப் பத்திரம் வேண்டும் என்பது தெரியாமலே பலர் ஆண்டுக்கணக்கில் முழு வரியைக் கட்டிவருகிறார்கள். ஆலங்கட்டி மழையால் டெக்சஸிலும் வீட்டுக் காப்பீடு வேகமாக ஏறிவருகிறது. அது ஃப்ளோரிடாவின் உயரத்தை எட்டுமானால், வரியில் கிடைத்த சலுகையைக் காப்பீடு விழுங்கிவிடும்; அப்போது இந்தக் கணக்கை நான் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.