பூச்சிகளின் கண்ணைக் காண ஒரு கைப்பேசி மேக்ரோ லென்ஸ்: இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கைப்பேசியின் கேமராவைக் கவ்விக்கொள்ளும் மேக்ரோ லென்ஸ் ஒன்றை இணையத்தில் 690 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு மாதங்களாகப் பூச்சிகளின் கண்களைப் பார்ப்பதற்கென்றே பயன்படுத்தி வருகிறேன். பெட்டியில் 15 மடங்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை நம்புவதைவிட, சிறுகண்கள் அறுகோணக் கட்டங்களாக நெருக்கமாக அடுக்கப்பட்ட ஒரு கூட்டுக்கண்ணைப் படம்பிடித்து, எத்தனை சிறிய கட்டம்வரை பிரித்துக் காட்டுகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை என்று எனக்குப் பட்டது.

முதலில் தட்டான். விடியற்காலையில் அது பனி நனைந்த இறகுகளோடு அசையாமல் அமர்ந்திருக்கும்போது மூன்று சென்டிமீட்டர்வரை நெருங்க முடிகிறது. லென்ஸ் தெளிவாகக் காட்டுவதும் ஏறத்தாழ அந்தத் தொலைவில்தான். பெரிய தட்டான்களுக்கு ஒரு கண்ணில் 30,000 சிறுகண்கள்வரை இருக்கின்றன. என் படத்தில் கண்ணின் மேற்பாதியில் அறுகோண வலை தெரிந்தது; கீழ்ப்பாதியோ வழவழவென்று கலங்கிப்போயிருந்தது. லென்ஸின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பல தட்டான் இனங்களில், வானத்தை நோக்கும் மேற்பகுதியின் சிறுகண்கள் கீழே உள்ளவற்றைவிட உண்மையிலேயே பெரியவை. வெளிச்சமான வானத்தின் பின்னணியில் புள்ளியாகப் பறக்கும் இரையைக் கண்டுபிடிக்கும் வேலை அவற்றுக்கு உரியது. ஆகவே இந்த லென்ஸின் எல்லை எங்கே முடிகிறது என்பதை ஒரே கண் இரண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டது எனலாம்.

வீட்டு ஈயிடம் லென்ஸ் தோற்றுவிட்டது. ஒரு கண்ணுக்குச் சுமார் 4,000 என்ற கணக்கில் உள்ள அதன் சிறுகண் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அகலமே இருக்கும். படத்தில் செந்நிறப் பரப்பு மட்டுமே மிஞ்சியது. தேனீயிலும் கட்டங்கள் தெரியவில்லை, ஆனால் கண்ணின் மேலேயே முளைத்திருக்கும் மெல்லிய மயிர்களை எதிர்பாராத தெளிவுடன் காட்டியது. குளவியின் தலையுச்சியில் முக்கோணமாக அமைந்த மூன்று தனிக்கண்களும் கண்ணாடி மணிகளைப் போலத் துல்லியமாகப் பதிந்தன. இவை உருவங்களை விவரமாகக் காண்பதற்கானவை அல்ல. ஒளி எப்பக்கம் கூடுகிறது, குறைகிறது என்பதைச் சட்டென்று உணர்ந்து, பறக்கும்போது உடல் சாயாமல் காக்க உதவுபவை.

கறிவேப்பிலைச் செடியில் இருந்த பச்சைப் புழுவிடம் நானே ஏமாந்தேன். முன்புறத்தில் மிரட்டும் பெரிய ‘கண்’ வெறும் நிறப்புள்ளி. உண்மையான கண்கள், குனிந்த சிறு தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறாக, கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகளாக இருந்தன. அவற்றைத் தேடிப் பிடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று.

பெட்டியோடு வந்த துண்டுத்தாளைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ‘ஈ இப்படித்தான் பார்க்கிறது’ என்று ஒரே பூவை நூறு முறை அடுக்கிய படத்தை அதில் போட்டிருக்கிறார்கள். இது தவறு. ஒவ்வொரு சிறுகண்ணும் காட்சியின் ஒரு சிறு திசையிலிருந்து வரும் ஒளியையே வாங்குகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே காட்சியாகின்றன. அந்தக் காட்சி நம்முடையதைவிட மிகவும் மங்கலானது என்பது வேறு செய்தி. மனிதக் கண்ணின் கூர்மையைக் கூட்டுக்கண் எட்ட வேண்டுமானால் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இருட்டில் திரியும் அந்துப்பூச்சி, மின்மினி போன்றவற்றின் கண்ணில் அமைப்பு வேறு: பல சிறுவில்லைகள் வாங்கிய ஒளி உள்ளே ஒரே இடத்தில் வந்து குவிகிறது. ஆஸ்திரிய அறிஞர் சிக்மண்ட் எக்ஸ்னர், மின்மினியின் கண் வழியாக ஒரு சன்னலைப் படம்பிடித்து 1891-இல் வெளியிட்டார். அதில் தெரிவது ஒற்றைச் சன்னல்தான். துண்டுத்தாளில் அந்தப் படத்தைப் போட்டிருந்தால், லென்ஸ் விற்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான விளம்பரம் கிடைத்திருக்காது.

இணைப்பாக வரும் வளைய விளக்கை நான் பரிந்துரைக்கமாட்டேன். பளபளப்பான கண்ணில் அதன் வெள்ளை வட்டம் விழுந்து, பார்க்க வேண்டியதை மறைக்கிறது. மேலே பட்டர் பேப்பர் ஒட்டிய பிறகே ஓரளவு பயன்பட்டது. கவ்வி, உறையுடன் கூடிய கைப்பேசியில் வழுக்குகிறது. படத்தின் ஓரங்களில் ஊதாக் கோடு படிகிறது. நடுப்பகுதி மட்டுமே நம்பத் தகுந்தது. உடன் வரும் அகலக்கோண லென்ஸ் எதற்கும் உதவவில்லை.

இத்தனைக்கும் பிறகு நான் இதைத் திருப்பி அனுப்பாததற்குக் காரணம் கும்பிடுபூச்சி. அதன் பச்சைக் கண்ணில், நாம் எப்பக்கம் நகர்ந்தாலும் நம்மையே தொடரும் ஒரு கரும்புள்ளி உண்டு. அது கண்மணி அன்று. நம்மை நேராக நோக்கும் சிறுகண்கள் ஒளியை விழுங்கிக்கொள்வதால் அவ்விடம் கறுத்துத் தெரிகிறது. லென்ஸை இடமும் வலமுமாக மெல்ல நகர்த்திக் காணொளி எடுத்தால் அந்தப் புள்ளி கண்ணின் மீது வழுக்கிக்கொண்டே செல்வதைக் காணலாம். அதே பூச்சியை இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தபோது, ஒளியை மிகுதியாக வாங்குவதற்காக உள்ளே நிறமிகள் இடம்பெயர்ந்து கண் முழுவதும் கறுத்திருந்தது. 690 ரூபாய்க்கு இந்த இரண்டு படங்களே எனக்குப் போதும். ஈயின் கட்டங்களை எண்ண விரும்புபவர்கள் நுண்ணோக்கிதான் வாங்க வேண்டும்.