பாவு யாருடையது? கேமைத் தானே வெளியிடுவதும் பப்ளிஷரிடம் கொடுப்பதும்

எங்கள் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கூலிக்குத்தான் ஓட்டுகிறார்கள். பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், நெய்த துணி அவருக்கே போகும், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வரும். சொந்த நூலில் நெய்தால் துணி நம்முடையது. நூல் விலை ஏறினால் நட்டமும் நம்முடையது. கோவையில் இரண்டு நண்பர்களோடு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கும் என் மாமன் மகன், கேமை வெளியிட்டுத் தரும் நிறுவனமான பப்ளிஷரிடம் போகட்டுமா, தானே வெளியிடட்டுமா என்று கேட்டபோது இந்தக் கணக்குதான் மனதில் ஓடியது.

தானே வெளியிடச் செலவு குறைவு. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அதுவும் திரும்பி வரும். விற்ற தொகையில் ஸ்டீமின் பங்கு 30 சதவீதம். எபிக் என்ற இன்னொரு கடையில் அதிகபட்சம் 12தான். ஆனால் கணினியில் விளையாடுவோர் கூட்டம் ஸ்டீமில் இருக்கிறது, கடை விரிக்க வேண்டிய இடமும் அதுவே.

பப்ளிஷர் முன்பணம் தருவார். அது பரிசல்ல, விற்பனையிலிருந்து அதைக் கழித்த பிறகே நம் பங்கு தொடங்கும் என்பதுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களின் ஏற்பாடு. பாதிப்பாதி என்று பேசியிருந்தால், 100 ரூபாய் விற்பனையில் ஸ்டீமுக்கு 30 போக மீதி 70இல் நமக்கு 35. பதிலுக்கு அவர் செய்வதும் சாதாரண வேலையல்ல: பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் போன்ற கன்சோல் எனும் விளையாட்டுக் கருவிகளுக்கு கேமை மாற்றுவது, அந்த நிறுவனங்களின் சோதனைகளைத் தாண்டவைப்பது, ஜப்பானிய மொழி முதல் போர்த்துகீசியம் வரை மொழிபெயர்ப்பது, விளம்பரம். மூன்று பேர் இதையெல்லாம் சுமந்தால் கேம் செய்ய நேரமிருக்காது.

எரிக் பரோன் தனி ஆளாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கிய ஸ்டார்டியூ வேலி என்ற கேமை 2016இல் சக்கிள்ஃபிஷ் என்ற பப்ளிஷர் வெளியிட்டது. 2018இல் பெரும்பாலான தளங்களில் வெளியீட்டை அவரே எடுத்துக்கொண்டார். கேமின் உரிமை அவரிடமே இருந்ததால் அது முடிந்தது. நம் தமிழ்ச் சமையலறையை வைத்து 'வெண்பா' செய்த டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் தானே வெளியிட்டு, மறு ஆண்டே சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை வாங்கியது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் கேம், கணினிக்கு மட்டும், ஓராண்டு தாக்குப்பிடிக்கச் சேமிப்பும் உண்டு என்றால் தானே வெளியிடுவதையே சொல்வேன். கையில் காசில்லாமல் பாதியில் நிற்பவருக்கு பப்ளிஷர் தேவைதான். அப்போதும் ஒப்பந்தத்தில் மூன்றைப் பார்க்க வேண்டும்: உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, விளம்பரச் செலவென்று அதிகபட்சம் எவ்வளவு கழிப்பார்கள். கன்சோலுக்கு மட்டும் பப்ளிஷர் வைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது.

"மாப்ள, எதுக்கும் ஸ்டீம் பக்கத்த இந்த வாரமே போட்டுரு"ன்னு சொன்னேன். கேமை வாங்க விரும்பி முன்கூட்டியே குறித்துவைக்கும் பட்டியலான விஷ்லிஸ்ட்டில் சேர்த்தவர்களுக்கு வெளியீட்டு நாளில் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். பப்ளிஷரிடம் பேசப் போனாலும் அவர் முதலில் கேட்பது அந்த எண்ணிக்கையாகத்தான் இருக்கும்.