பழைய ஸ்பிளெண்டரில் கார்புரேட்டர் ஸ்பேசர்: நீண்ட நாள் அனுபவம்

காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில், ஸ்பேசர் என்ற துளையிட்ட தடித்த தகட்டைச் செருகினால் வண்டியின் பவர் கூடும், இழுவை கூடும் என்று சொல்லி உதிரிபாகக் கடைகளில் விற்கிறார்கள். சேலத்தில் நான் ஓட்டும் பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரில் முதலில் அலுமினிய ஸ்பேசரைப் பொருத்தினேன். பிறகு அதே தடிமனில் பேக்லைட் என்ற கடினமான பிளாஸ்டிக்கால் ஆனதை, மெக்கானிக்குகள் பைபர் என்று சொல்வதை, மாட்டினேன். அதுதான் பல கோடைகளாக வண்டியில் இருக்கிறது. பவர் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உச்சி வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போது வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைக் கழற்ற மனமில்லை.

பவர் கூடும் என்ற பேச்சுக்குப் பின்னால் உண்மையான இயற்பியல் இருக்கிறது. கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறந்து பிஸ்டன் கீழே இறங்கும்போது கிளம்பும் உறிஞ்சல் அலை, கார்புரேட்டர் பக்கத்துக் குழாய் வழியாகப் பின்னோக்கி ஓடி, திறந்த முனையில் பட்டு, அழுத்த அலையாகத் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால் கொஞ்சம் கூடுதல் காற்று உள்ளே போகும். குழாய் நீளமாக இருந்தால் இந்தப் பொருத்தம் குறைந்த ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்குக் குறைந்த சுற்றுகளில், அமையும். ஆனால் எவ்வளவு நீளம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 6 மி.மீ. ஸ்பேசர் வைத்தால், அலை போய்த் திரும்ப 12 மி.மீ. கூடுதல் தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுவதால் தாமதம் 0.035 மில்லி வினாடி. 5000 ஆர்பிஎம்மில் கிராங்க் என்ற சுழல்தண்டு ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதுவேதான். 180 டிகிரிக்கு மேல் வால்வு திறந்திருக்கும் 97.2 சிசி இன்ஜினில் இந்த ஒரு டிகிரியை ஓட்டுபவரால் உணர முடியாது.

பிறகு ஏன் பலரும் பிக்கப் கூடிவிட்டது என்று சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஸ்பேசர் மாட்டும் அன்று கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்யப்படுகிறது, பேக்கிங் புதிதாகிறது, இறுகிப்போன ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மாறுகிறது, ஐட்லிங்கும் சரிசெய்யப்படுகிறது. பல ஆண்டுகளாக ஏர் லீக்கோடு ஓடிய வண்டிக்கு அதுவே மறுபிறவி. அந்தப் புகழை ஸ்பேசர் எடுத்துக்கொண்டு போகிறது. பழைய ஓ-ரிங்கை மட்டும் முதலில் மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

உண்மையான பயன் வெப்பத்தைத் தடுப்பதில் இருக்கிறது. வண்டி ஓடும்வரை எதிர்க்காற்று இன்ஜினைக் குளிர்விக்கிறது. உள்ளே ஆவியாகும் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிர வைக்கிறது. நிறுத்தியவுடன் இரண்டும் நின்றுவிடுகின்றன. இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டில் தேங்கிய சூடு, அதைக் கார்புரேட்டரோடு இணைக்கும் மேனிஃபோல்டு குழாய் வழியாக ஏறி வந்து, கார்புரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. கொதித்த பெட்ரோல் ஜெட் என்ற நுண்துளை வழியாக வழிந்து மேனிஃபோல்டில் தேங்கும். சிறிது நேரம் கழித்து வந்து உதைத்தால் பெட்ரோல் வாசம் மட்டும்தான் வரும். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்துவைத்துப் பலமுறை உதைத்தால்தான் வண்டி உயிர்பெறும். இதற்காகத்தான் உற்பத்தியாளர்களே பல வண்டிகளில் கறுப்பு இன்சுலேட்டர் ஒன்றை அந்த இடத்தில் வைத்து அனுப்புகிறார்கள்.

அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவது பேக்லைட்டைவிடப் பல நூறு மடங்கு அதிகம். ஆகவே பளபளக்கும் அலுமினிய ஸ்பேசர் இந்த வேலைக்கு ஆகாது. அது இருந்த காலத்தில் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்துத் தேநீருக்கு நிறுத்தினால், மறுபடி ஸ்டார்ட் செய்ய முன்புபோலவே படாதபாடு. கார்புரேட்டர் கிண்ணத்தில் விரல் வைக்க முடியாது. பைபர் மாட்டிய பிறகு அதே ஏற்றம், அதே நிறுத்தம், ஆனால் கிண்ணத்தைத் தொட முடிகிறது, வண்டியும் தகராறு செய்வதில்லை. மைலேஜிலும் உச்ச வேகத்திலும் எந்த மாற்றத்தையும் நான் பார்க்கவில்லை.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. டூ-ஸ்ட்ரோக் வண்டியான யமஹா ஆர்எக்ஸ் 100-இல் கார்புரேட்டர் ரப்பர் ஜாயிண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதுவே சூட்டைத் தடுத்துவிடும். கலவையைத் திரும்ப விடாமல் தடுக்கும் ரீட் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசரோ, பிஸ்டனுக்குக் கீழே கலவை நெருக்கப்படும் அறையான கிராங்க்கேஸ் பக்கத்துக் கொள்ளளவையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறது. கலவை நெருக்கப்படுவது அந்த அளவுக்குக் குறையும். 2020-க்குப் பிந்தைய பிஎஸ் 6 (புகை வெளியீட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் அங்கே இதற்கு வேலையே இல்லை.

பொருத்துவதில் கவனம் வேண்டும். அந்த அலுமினிய ஸ்பேசரைக் கழற்றியபோது அதன் துளை மேனிஃபோல்டின் துளையைவிடச் சிறியதாக இருந்தது தெரிந்தது. உள்ளே விளிம்புபோல் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கோத்து நின்றது. வெளியே, இணைப்பைச் சுற்றி, ஈரத்தில் புழுதி ஒட்டிய கரிய வளையம். இணைப்பு சரியாக அடைபடவில்லை என்பதற்கு அது போதுமான சாட்சி. இப்படிக் காற்று புகுந்தால் ஐட்லிங் ஏறி இறங்கும், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் உடனே இறங்காது, ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்துப்போகும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனுக்கே ஆபத்து.

பைபரின் போல்ட் காதுகள் மெல்லியவை. அதிகமாக முறுக்கினால் விரிசல் விடும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். நன்றாகச் சூடேறிக் குளிர்ந்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நீளம் கூடிய போல்ட்டும் அவசியம். பழைய போல்ட்டையே போட்டால் மரையில் போதிய பிடி இருக்காது. வாங்கப் போகும்போது பழைய பேக்கிங்கை எடுத்துச் சென்று ஸ்பேசரின் மேல் வைத்துப் பாருங்கள். துளை மயிரளவு சிறியதாக இருந்தாலும் வேறொன்று கேளுங்கள்.