மிட்ஜெற்றுக்கு மைனர் சாமானா, லண்டன் சாமானா?

யாழ்ப்பாணத்தில் எம்.ஜி. மிட்ஜெற் என்ற இரண்டு ஆசன இங்கிலாந்துப் பழைய கார் ஒன்றைத் திரும்ப ஓட வைக்க நினைப்பவருக்குப் பெரிய துணை, ஊரில் இன்னமும் கிடக்கிற மொறிஸ் மைனர்கள்தான். 1961இல் மிட்ஜெற் வந்தபோது அதில் இருந்த 948 சி.சி. ஏ-சீரீஸ் எஞ்சின் மைனர் 1000இலும் இருந்தது. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில், துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. அவற்றின் எச்சங்கள் கராஜ்களின் பின்வளவுகளில் இப்பவும் உண்டு.

என்னுடைய 1965 மிட்ஜெற்றுக்குக் கழற்றிய மைனர் சாமானும் போட்டேன், இங்கிலாந்தில் இருந்து புதுசும் எடுப்பித்தேன், கடைச்சல் பட்டறையிலும் செய்வித்தேன். இரும்புச் சாமானுக்கு வயது பார்க்காதீர்கள், றப்பருக்குக் கட்டாயம் பாருங்கள் என்பதுதான் நான் கண்டது.

மின்சாமானில் பழசுக்கே என் வாக்கு. புதிதாக எடுப்பித்த டிஸ்ரிபியூட்டர் றோட்டர் ஒன்றைப் பூட்டி மூன்றாம் நாள், பண்ணைப் பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. மேலே இருக்கும் பித்தளைத் தகட்டை ஒரு ரிவெற் பிடித்திருந்தது. திருப்பிப் பார்த்தால் ரிவெற்றின் அடியில் மயிர் போல ஒரு கருகிய கோடு. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த வழியாக நடுத்தண்டுக்கு இறங்கியிருக்கிறது. பழைய மைனர் ஒன்றில் கழற்றிய லூக்காஸ் றோட்டரை அரத்தாளால் துடைத்துப் போட்டேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. புதுசுதான் வேண்டுமென்றால் ரிவெற் இல்லாத சிவப்பு றோட்டரைத் தேடி எடுங்கள்.

எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷலும் அப்படித்தான். 1098 சி.சி. மைனரின் 4.22 விகித டிஃபரென்ஷல் என் மிட்ஜெற்றின் பின் அச்சில் அப்படியே உட்கார்ந்தது.

ஆனால் எஞ்சினுக்குள் ஒரு பொறி இருக்கிறது. என் மிட்ஜெற்றிலும் பிந்திய மைனரிலும் இருப்பது 1098 சி.சி. எஞ்சின், வெளியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் மெயின் பெயறிங் மைனருக்கு 1¾ அங்குலம், 1964க்குப் பிந்திய மிட்ஜெற்றுக்கு 2 அங்குலம். கிராங்கைக் காசு கொடுத்து வாங்க முன்னம் கலிப்பர் வைத்து அளந்துவிடுங்கள்.

முன்பக்கத்துக்கு மைனர் உதவாது. அதற்கு முறுகும் கம்பி வில்லான ரோர்ஷன் பார், மிட்ஜெற்றுக்குச் சுருள் வில்லும், முன்சில்லு திரும்புவதற்கான அச்சான கிங்பின்னும். கிங்பின்னை இங்கேயே கடைந்தால் மலிவுதான். ஆனால் மேற்பரப்பைக் கடினப்படுத்தாத உருக்கு சீக்கிரம் தேயும். ஆகவே கிங்பின்னும் அது இறங்கும் குழலான புஷ்ஷும் இங்கிலாந்துச் சாமான், பூட்டுகிற வேலை கொக்குவில் பட்டறையில். புஷ்ஷை இறக்கும்போது அதன் துளை கிறீஸ் நிப்பிளின் துளையோடு நேராக நிற்க வேண்டும். பிறகு மேல் கீழ் புஷ் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் றீமர் பண்ண, அதாவது துளையை அளவாகச் சீவி எடுக்க வேண்டும். அங்கே வேலை செய்த அண்ணை சொன்னார்: “தம்பி, பின் தன்ர பாரத்தில மெல்ல இறங்கோணும். பொத்தெண்டு விழுந்தா கெட்டுப்போச்சு.” நாலு தரம் றீமரைத் திருப்பி, நாலு தரம் துடைத்து, பின்னை விட்டுப் பார்த்தார். ஐந்தாம் தரம் அது மூச்சு விடுவதுபோல மெதுவாக இறங்கியது. இந்தக் கைப்பதம் எந்தப் பெட்டிக்குள்ளும் வராது.

பிறேக் றப்பரில் பேச்சே இல்லை, புதுசுதான். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பெட்டி உடைக்காத அசல் சீல் கிடைத்ததென்று ஒரு நண்பர் ஆசையாகக் கொண்டு வந்து தந்தார். நகத்தால் அழுத்தினேன், வெடித்தது. முப்பது வருசம் பெட்டிக்குள் இருந்தாலும் றப்பர் சாகத்தான் செய்யும்.

கடைசியாகத் தகரம். உப்புக் காற்றில் கறள் முதலில் தின்பது கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் ‘சில்’ (sill) என்ற தகட்டை. மிட்ஜெற்றுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலின் பலமே அந்தச் சில்தான். தளத்தகட்டை நம்முடைய ரிங்கர் பாஸ்மார் அழகாக அடித்துத் தருவார்கள், வெளியூர்த் தகடு தேவையில்லை. ‘சில்’ தகட்டுக்கு மட்டும் அச்சில் அழுத்திய இங்கிலாந்துத் தகட்டையே எடுங்கள், விளிம்பு மடிப்பு சரியாக வந்தால்தான் வெல்ட் பிடிக்கும். பழசை வெட்ட முன்னம் கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு வெல்ட் பண்ணிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்துவிடும். நான் அந்த இரும்பைக் கதவு மூடுகிற இடத்துக்கு உள்பக்கமாக வைத்தேன். ஒவ்வொரு வெல்டுக்குப் பிறகும் கதவை மூடி, இடைவெளியை ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை விட்டுப் பார்த்தேன்.