இரண்டாம் பாகத்தைப் படித்தபின் முதல் பாகம் என்னவாகிறது?

‘தி ஷைனிங்’, ‘ரோஸ்மேரிஸ் பேபி’ ஆகிய இரண்டு திகில் நாவல்களுக்கும் பல ஆண்டுகள் கழித்து அவற்றின் ஆசிரியர்களே இரண்டாம் பாகம் எழுதினார்கள். ஸ்டீபன் கிங்கின் 1977 நாவலுக்கு 2013இல் ‘டாக்டர் ஸ்லீப்’ வந்தது. ஐரா லெவினின் 1967 நாவலுக்கு 1997இல் ‘சன் ஆஃப் ரோஸ்மேரி’ வந்தது. இரண்டில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் கிங்கைத்தான் சொல்வேன். அந்தப் புத்தகம் என் அலமாரியில் முதல் பாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லெவினுடையதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

லெவினின் புத்தகம் சிறியது, விறுவிறுவென்று ஓடும். கிங்குடையது தடிமன், நடுவில் தொய்வும் உண்டு. அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

‘டாக்டர் ஸ்லீப்’ பற்றி வாசகர்கள் அதிகம் சொல்லும் குறை, பயமே இல்லை என்பது. நியாயமான குறைதான். அபூர்வ சக்தி உள்ள குழந்தைகளை வதைத்து, அவர்களிடமிருந்து நீராவிபோல வெளிப்படும் அந்தச் சக்தியை உறிஞ்சி வாழும் கூட்டம் ஒன்று வேன்களில் ஊர் ஊராகத் திரிகிறது. பேஸ்பால் ஆடும் சிறுவன் ஒருவனை அவர்கள் கொல்லும் இடத்தில் எனக்குக் கை நடுங்கியது. ஆனால் போகப் போகத் தோல்வி மேல் தோல்வி அடைகிறார்கள். ‘தி ஷைனிங்’ நடக்கும் பேய் பிடித்த ஓவர்லுக் ஹோட்டலின் 217ஆம் எண் அறை தந்த அச்சத்தை இவர்களால் தர முடியவில்லை.

ஆனாலும் நான் பார்ப்பது வேறொன்றை. இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு முதல் பாகத்துக்குத் திரும்பினால், அது முன்போல நிற்கிறதா?

‘தி ஷைனிங்’கில், குடிபோதையில் இருக்கும் ஜாக், தன் காகிதங்களைப் பாழாக்கிய மகனின் கையை முறித்துவிடுகிறான். முதல் வாசிப்பில் அது ஒரு தகப்பனின் குற்றமாக மட்டுமே தெரிந்தது. ‘டாக்டர் ஸ்லீப்’பில் அந்த மகன் டேனி வளர்ந்து, அப்பாவைப் போலவே குடிகாரனாகிறான். முன்பின் தெரியாத பெண் ஒருத்தியின் வீட்டில் போதை தெளிந்து எழுந்து, அவளுடைய பணத்தைத் திருடுகிறான். அவளுடைய கைக்குழந்தை மேசைமேல் கிடக்கும் கொக்கைனை மிட்டாய் என்று நினைத்துக் கை நீட்டுகிறது. டேனி கொக்கைனைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, பணத்தோடு வெளியேறுகிறான். பிறகு குடியை விடுகிறான், சாகக் கிடக்கும் முதியவர்களின் கையைப் பிடித்து வழியனுப்பும் வேலைக்குப் போகிறான். ஆனால் அந்தக் குழந்தையின் நினைவு நாவல் முழுக்க அவனை விடுவதில்லை. இதைப் படித்தபின் ‘தி ஷைனிங்’கைத் திறந்தேன். கை முறியும் பக்கம் முன்னைவிட அதிகமாக வலித்தது. பழைய புத்தகத்தின் கனம் கூடியிருந்தது.

லெவின் செய்தது நேர்மாறானது. முதல் பாகத்தில் சாத்தானின் பிள்ளையைப் பெற்ற ரோஸ்மேரி, நீண்ட கோமாவிலிருந்து 1999இல் விழிக்கிறாள். அந்த மகன் ஆண்டிக்கு வயது 33, உலகமே கொண்டாடும் மனிதன். புத்தாயிரம் பிறக்கும் நேரத்தில் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்கிறான். அற்புதமான தொடக்கம். ஆனால் முடிவில் எல்லாமே கனவு என்றாகிவிடுகிறது. கனவாகிப் போவது இரண்டாம் பாகம் மட்டுமல்ல, முதல் பாகமும்தான். ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டின் எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கி, சாத்தானை வழிபடும் பக்கத்து வீட்டுக்காரரின் உண்மைப் பெயரை ரோஸ்மேரி கண்டுபிடிக்கும் அந்த மகத்தான காட்சியும் நடக்காததாகிவிடுகிறது. வாசகர்கள் கொதித்ததில் ஆச்சரியமே இல்லை. முதல் பாகத்தை மறுபடி எடுத்தபோது எனக்கும் மனம் ஒட்டவில்லை. ஒருவேளை காலம் போனால் ஒட்டலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் நாவலைப் படித்துவிட்டு வந்தவன். ஸ்டான்லி குப்ரிக்கின் 1980 படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு ‘டாக்டர் ஸ்லீப்’ எப்படி இருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. படத்தில் ஹோட்டலின் சமையல்காரர் ஹாலரன் கொல்லப்படுகிறார், ஹோட்டல் அப்படியே நிற்கிறது. நாவலில் கொதிகலன் வெடித்து ஹோட்டல் எரிகிறது, ஹாலரன் பிழைக்கிறார். இரண்டாம் பாகம் தொடர்வது நாவலைத்தான். தொடக்கத்திலேயே ஹாலரன் உயிரோடு வந்து நிற்பார். ஆகவே படம் மட்டும் பார்த்தவர்கள் முதலில் 1977 நாவலைப் படித்துவிடுவது நல்லது. லெவினின் நடைக்காகவே ‘சன் ஆஃப் ரோஸ்மேரி’யைப் படித்தே தீருவேன் என்பவர்கள் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.